காற்று வருகிறதா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கார் என்பது வசதி படைத்தவர்களின் வாகனம், அதிலுள்ள ஏ.சி.யும் ஹீட்டரும் அவர்களுடைய சொகுசு. அவை நின்றுபோனால் அரசு கலைக் கல்லூரி மாணவன் ஒருவனுக்கு என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே ஒரு காரை நம்பித்தான். என் தந்தை வாடகைக் கார் ஓட்டுகிறார். இரண்டு கை மாறி எங்களிடம் வந்த மஞ்சள் போர்டு வண்டி. மேட்டுப்பாளையத்தில் ரயில் இறங்கும் பயணிகளை உதகைக்கு ஏற்றி வருவதும், இரண்டு நாள் சுற்றிக் காட்டி மீண்டும் கீழே இறக்கி விடுவதும் அவர் தொழில்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. கீழே வண்டியில் ஏறும்போதே "டிரைவர், ஏ.சி.யைப் போடுங்க" என்பார்கள். குன்னூரைத் தாண்டியதும் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு "ஹீட்டர் இல்லையா?" என்பார்கள். ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டியிருக்கும் ஊர் எங்கள் ஊர். இது சொகுசு மட்டுமன்று. மழையும் மூடுபனியும் சூழ்ந்த இரவில், உள்ளே ஐந்து பேர் மூச்சு விட, முன்கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஏ.சி. அந்தக் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கிறது. ஹீட்டர் அதைச் சூடாக்கிக் கண்ணாடியின் மேல் அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் வழி தெரியும். இரண்டும் இல்லையென்றால் ஒரு கையால் ஸ்டீயரிங், மறு கையால் துணி. கொண்டை ஊசி வளைவில் இப்படி ஓட்டிக்கொண்டு வருகிறவர் நம் தந்தையாக இருந்தால் அன்று இரவு தூக்கம் வருமா?

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வண்டியில் ஏ.சி.யும் ஹீட்டரும் சேர்ந்து நின்றுவிட்டன. ஒரு மாதமாகவே காற்று மெலிந்து வந்ததாம். ஒரு நாள் சுத்தமாக நின்றது. அப்பா ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனார். அங்கிருந்த மெக்கானிக் என்ஜினை ஓட விட்டு ஏ.சி. பொத்தானை அழுத்தினார். கம்ப்ரஸரின் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கவில்லை. "அண்ணா, கம்ப்ரஸர் போயிருச்சுங்க. கேஸும் இருக்காது. இருபதாயிரம் ஆகும். ஹீட்டரை அப்புறமாப் பாத்துக்கலாம்" என்றார். விடுமுறை வருமானம் முழுவதையும் விழுங்கிவிடும் தொகை அது. அப்பா "பையனைக் கேட்டுச் சொல்றேன்" என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

பையன் என்றால் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டியின் மாத்திரைச் சீட்டு வரை எல்லாம் என்னிடம்தான் வரும். இயற்பியல் படிக்கிறவனுக்குக் கார் தெரியாதா?

நான் 350 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த டிஜிட்டல் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஏ.சி., ஹீட்டர் இரண்டுக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே மின்விசிறிதான், புளோயர் என்பார்கள். அது இடது பக்கம், சாமான் வைக்கும் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. அது சுற்றவில்லை என்பதை உடனே கண்டுகொண்டேன். இதுவரை சரி. அடுத்து அதன் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் மீட்டரின் கம்பிகளை வைத்தேன். 12.4 வோல்ட்! "மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. மோட்டார் சுற்றவில்லை. ஆகவே மோட்டார் கெட்டுவிட்டது" என்று தீர்ப்புச் சொன்னேன். தர்க்க சாஸ்திரப் பாடத்தில் உதாரணமாகப் போடலாம். அவ்வளவு அழகான வாதம். அப்பா மறு கேள்வி கேட்கவில்லை. கோயம்புத்தூர் போய் 3,200 ரூபாய்க்குப் புது மோட்டார் வாங்கி வந்தார். மாட்டினோம். சுற்றவில்லை.

எலக்ட்ரிக் சாமானைக் கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. கழற்றிய பழைய மோட்டாரை நேராக பாட்டரியில் இரண்டு கம்பியால் தொட்டுப் பார்த்தேன். ஜம்மென்று சுற்றியது. இதை முன்பே செய்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடு கண்ணு, பழசும் என்னைக்காவது போறதுதானே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பிறகு யாரோ சொல்லி, பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும். தகரக் கொட்டகை. அவர் முதலில் கேட்ட கேள்வி "ஏ.சி. குளிருதா?" என்பதன்று. "காத்து வருதா?" என்று கேட்டார். ஹீட்டரும் ஏ.சி.யும் ஒரே நாளில் நின்றதா, முன்னால் காற்று குறைந்ததா, மழைக்குப் பிறகா என்று வரிசையாகக் கேட்டார். "கால் வைக்கிற இடத்துல ஈரம் இருந்துச்சா?" என்றபோது அப்பா திடுக்கிட்டார். ஜூன் மாதமே இடது பக்க மிதியடி நனைந்திருந்தது. நாங்கள் செய்தித்தாளை விரித்துப் போட்டு விட்டுவிட்டோம். பட்டறையில் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. (இந்த இடத்தில் நோயின் முதலை ஆராய்வது பற்றிய குறளை எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். அதைத் தமிழ்த்துறை நண்பர்களுக்கே விட்டுவிடுகிறேன்.)

நான் பெருமையோடு என் மீட்டரை நீட்டி, "12.4 வோல்ட் வருதுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்தார். இரண்டு கம்பி பற்ற வைத்த 55 வாட் பல்பு. "தம்பி, உன் மீட்டர் கரண்டைக் குடிக்காது. இது குடிக்கும்" என்றார். புளோயர் இணைப்பின் இரண்டு முனையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை, உள்ளே ஒரு செந்நிற இழை தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு ஒரு கம்பியை பாஸிடிவ் முனையிலேயே வைத்துக்கொண்டு மற்றதை வண்டியின் உடம்பில் சுரண்டிய இரும்பில் தொட்டார். பளீரென்று எரிந்தது. "வர்ற வழி நல்லா இருக்கு. போற வழிதான் அடைச்சிருக்கு. எர்த்து."

நண்பர்களே, இயற்பியல் மாணவன் வெட்கித் தலைகுனிய வேண்டிய இடம் இதுதான். மின்னழுத்தமானி எனும் பொட்டன்ஷியோமீட்டர் ஏன் வோல்ட்மீட்டரைவிடச் சிறந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், "சமன்நிலையில் அது மின்கலத்திலிருந்து மின்னோட்டத்தை எடுப்பதில்லை, ஆகவே உண்மையான மின்னியக்கு விசையைக் காட்டுகிறது" என்று நாம் எல்லோரும் ஒப்பிப்போம். டிஜிட்டல் மீட்டரும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். 12 வோல்ட்டை 1 கோடியால் வகுத்தால் வருவது ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். வழியில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று இருந்து அதன் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், மீட்டர் இழப்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதனால்தான் அது 12.4 என்று சத்தியம் செய்தது. பல்பு எரியும்போது அதன் தடை 2½ ஓம்தான். அதே 10 ஓம் துருவின் பின்னால் அதற்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு வோல்ட்கூட எட்டாது. புளோயர் மோட்டாரின் கதியும் அதுவே. மோட்டார் வெறும் தடை அன்று என்பது எனக்குத் தெரியும், கணக்குக்காகச் சொல்கிறேன். மீட்டர் பொய் சொல்லவில்லை. மின்னோட்டம் இல்லாதபோது எவ்வளவு அழுத்தம் என்று நான் கேட்டேன். அதற்குச் சரியான விடை தந்தது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. மோட்டாரை இணைத்து, ஸ்விட்சைப் போட்டு, சுமையோடு அளந்திருந்தால், மோட்டாரின் நெகடிவ் முனைக்கும் பாட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையே மீட்டர் பல வோல்ட்டைக் காட்டியிருக்கும். நல்ல எர்த்தில் அது ஒரு வோல்ட்டின் சிறு பகுதியாகத்தான் இருக்க வேண்டும். ஆக, 350 ரூபாய் மீட்டரே போதும். பிடித்த கைதான் சரியில்லை.

ஓம் தன் விதியை நூலாக வெளியிட்டது 1827இல். அதைப் பத்தாம் வகுப்பிலிருந்து நான் எழுதி வருகிறேன்.

பெரியவர் பயணியின் கால் பக்கத்துப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். அங்கே ஒரே போல்ட்டில் மூன்று நான்கு கறுப்புக் கம்பிகள் வந்து சேர்ந்திருந்தன. போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. உப்புக் காகிதத்தால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். புளோயர் சுற்றியது. ஏ.சி. பொத்தானை அழுத்தினார். 'டக்' என்று கம்ப்ரஸர் பிடித்தது! இருபதாயிரம் ரூபாய்க் கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வண்டியில் புளோயரின் மின்சாரம் திரும்பும் வழியும், கம்ப்ரஸரை ஓடச் சொல்லும் ஸ்விட்சின் வழியும் அந்த ஒரே போல்ட்டில் முடிகின்றன. புளோயர் ஓடாதபோது கம்ப்ரஸரை ஓட விடாமல் இருப்பது நல்ல ஏற்பாடும்கூட. காற்று வீசாவிட்டால் உள்ளே குளிர்ச்சிச் சுருள் உறைந்து பனிக்கட்டியாகிவிடும்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. எர்த் ஏன் துருப்பிடித்தது? குளிர்ச்சிச் சுருளின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏ.சி. போட்டு நிறுத்திய கார்களின் அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கோளாறு அன்று, ஆரோக்கியம். எங்கள் வண்டியில் இலைத்தூளும் மண்ணும் அந்தக் குழாயை அடைத்துவிட்டன. நீர் உள்ளேயே வழிந்து மிதியடியையும் போல்ட்டையும் ஊற வைத்தது. கம்பியை விட்டு அடைப்பை எடுத்ததும் அரை லிட்டருக்குக் குறையாமல் பழுப்பு நீர் கொட்டியது. "ஈரத்தைத் தொட்டு மோந்து பாக்கணும் தம்பி. இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தா அது கூலன்ட். ஹீட்டர் பெட்டி ஒழுகுதுன்னு அர்த்தம். இது பச்சத் தண்ணி" என்றார்.

ஏ.சி.யும் ஹீட்டரும் இப்படி ஒன்றாய்ப் பிணைந்தது தற்செயல் அன்று. ஆரம்பத்தில் அவை தனித்தனியாகவே இருந்தன. 1940ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் ஏ.சி.யோடு காரை விற்றபோது குளிர்ச்சிச் சுருள் பின்பக்கம் டிக்கியில் இருந்தது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச்சே கிடையாது. வேண்டாமென்றால் என்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்! 1954இல் நாஷ் நிறுவனம் ஹீட்டர், ஏ.சி., காற்றோட்டம் மூன்றையும் முன்பக்கம் ஒரே அமைப்புக்குள் கொண்டு வந்தது. இன்றைய கார்களில் அதுவே வழக்கம். ஒரு விசிறி, அதன் எதிரே குளிர்ச்சிச் சுருள், அடுத்து என்ஜினின் சூடான நீர் ஓடும் ஹீட்டர் பெட்டி, இடையே காற்றைப் பிரித்து அனுப்பும் மடல்கள். ஆகவே இரண்டும் ஒன்றாக நின்றால், இரண்டுக்கும் பொதுவானது எது என்றுதான் முதலில் தேட வேண்டும். கம்ப்ரஸருக்கும் ஹீட்டருக்கும் என்ன உறவு? கம்ப்ரஸர் கெட்டால் ஹீட்டர் ஏன் நிற்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியைப் பட்டறையிலேயே கேட்டிருந்தால் அந்தத் தீர்ப்பு அங்கேயே விழுந்திருக்கும்.

காற்று நன்றாக வந்தும் ஹீட்டர் மட்டும் சூடாகவில்லை என்றால் கதை வேறு. என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். சூடேறிய பின் ஹீட்டருக்குப் போகும் இரு ரப்பர் குழாய்களையும் ஓடும் விசிறியில் கை படாமல் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் சூடென்றால் நீர் ஓடுகிறது, மடலில் கோளாறு இருக்கலாம். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் நடுவில் அடைப்பு. என்ஜினே சூடேறாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது எனலாம். ஏ.சி. மட்டும் குளிரவில்லை என்றால்தான் கம்ப்ரஸர், கேஸ் என்ற பேச்சே வர வேண்டும். அதிலும் "வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்" என்பதை நான் ஏற்கவில்லை. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் அன்று. ஒரே ஆண்டில் குறைந்துவிட்டதென்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலைத் தேடாமல் அடிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது. பல கார்களில் உள்ள ஆர்-134ஏ வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கவல்லது. குளிர் தேடிச் செய்யும் காரியம் உலகைச் சூடாக்குகிறது!

பல்பு வித்தையைப் படித்துவிட்டு யாரும் கண்ட கம்பியில் எல்லாம் வைத்துவிட வேண்டாம். காற்றுப்பைக்குப் போகும் மஞ்சள் உறைக் கம்பிகளையும், என்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் மெல்லிய கம்பிகளையும் தொடவே கூடாது என்று பெரியவர் எச்சரித்தார்.

வேலை முடிந்தது. எவ்வளவு என்று கேட்டோம். 200 ரூபாய் என்றார். அப்பா மகிழ்ச்சியோடு கொடுத்தார். ஆனால் வழியில், "ஒரு போல்ட்டைத் தேச்சதுக்கு இருநூறு" என்று அவர் வாயிலிருந்தும் வந்துவிட்டது. தேவையில்லாத மோட்டாருக்கு 3,200 ரூபாயை எண்ணி வைத்தபோது அவர் முணுமுணுக்கவில்லை. அது கையில் கனமாக இருந்தது. பெட்டி, சீட்டு எல்லாம் இருந்தது. கண்டுபிடித்தது கையில் கனக்கவில்லை.

என் கருத்து இதுதான். நம்மிடையே பொருளுக்கு விலை உண்டு. கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு விலை கிடையாது. அந்த முதல் மெக்கானிக்கை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அடையாளத்தையே காரணம் என்று நினைத்தார். நானும் அதையேதான் செய்தேன். இரண்டு மணி நேரம் தேடினால் அவருக்கு யார் காசு கொடுப்பார்கள்? "பார்த்ததற்கு எதற்குப் பணம்?" என்போம். கம்ப்ரஸர் மாற்றினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். அந்த நிலையில் அவரை வைத்திருப்பது வாடிக்கையாளர்களாகிய நாமே.

நம் ஆய்வகத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? நாம் உள்ளே நுழையும் முன்பே கருவிகள் சரி பார்க்கப்பட்டிருக்கும். ஒரு மேசையில் விலகல் வரவில்லை என்றால், "அது ரிப்பேர், அடுத்த மேசைக்குப் போ" என்பார்கள். அளவீடு தப்பாக வந்தால் பக்கத்து நோட்டு இருக்கவே இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன்: முதலாண்டில் நானும் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவீடு எழுதியவன்தான். மதிப்பெண் விடைக்கு, ஏன் வரவில்லை என்று தேடிய அரை மணிக்கு மதிப்பெண் இல்லை. பேராசிரியர்களைக் குறை கூறவில்லை. நாற்பது பேருக்கு மூன்று மணி நேரம், எட்டு மேசை; அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனால் இயற்பியல் பட்டதாரி என்ற பெயரோடு வெளியே போகிறவனிடம், அவன் வீட்டார் ஓடாத மிக்ஸியையும் எரியாத மோட்டார் ஸ்டார்ட்டரையும்தான் கொண்டு வந்து நீட்டப் போகிறார்கள். 'கேரி ஃபாஸ்டர்' பாலத்தை யாரும் நீட்ட மாட்டார்கள்.

ஆகவே செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியாவது இப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்: ஒரு மின்சுற்றில் ஒரு கோளாறை ஒளித்து வைத்து, மாணவனிடம் மீட்டரும் பல்பும் கொடுத்து, எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவன் எந்த வரிசையில் தேடினான் என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். செலவு அதிகம் ஆகாது. எங்கள் வீட்டுப் பரணில் 12 வோல்ட் மோட்டார் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. கழற்றிய நாளிலிருந்து நன்றாக ஓடுகிறது. துறைத்தலைவர் அனுமதித்தால் அதையும், பூத்துப்போன போல்ட் ஒன்றையும், பெரியவர் கொடுத்த ஹெட்லைட் பல்பையும் அடுத்த பருவம் தொடங்கும் நாளில் ஆய்வகத்தில் கொண்டு வந்து வைத்துவிடுகிறேன்.